மைலேஜ் கணக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்ற கேள்வியே தலைகீழாகப் படும். பிரான்சில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். அதில் ஒரு வசதி உண்டு. ஒரு கார் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர், ஊருக்குள் நூறுக்கு 10 லிட்டர் குடித்தால் சராசரி 7.5, அதாவது லிட்டருக்கு 13 சொச்சம். நம்மூர் வழக்கப்படி 20, 10 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள், 15 என்று தப்புக்கணக்கு வரும்.

போன மாதம் என் ஸ்கூட்டரின் மைலேஜ் 50-லிருந்து 45-க்கு இறங்கிவிட்டதாகப் பேரனின் செல்போன் செயலி காட்டியது. மெக்கானிக் உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். பென்ஷன்காரனுக்கு அது சின்னச் செலவா?

செயலிக்கு நாம் கொடுத்ததுதான் தெரியும். 225 கிலோமீட்டருக்கு 4.5 லிட்டர் பிடித்தால் 50. பங்க் பையன் கழுத்துவரை இன்னும் அரை லிட்டர் ஊற்றினால் 45. முள்ளைப் பார்க்கலாம் என்றால், அது மிதவையோடு ஆடுவது. வண்டி சாய்ந்து நின்றால் ஒன்று காட்டும், நிமிர்ந்து நின்றால் வேறொன்று.

ஒரே பங்க்கில், ஒரே மட்டத்துக்கு ஐந்து தடவை நிரப்பி, மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தேன். 49 வந்தது. என்ஜினில் கைவைக்க விடவில்லை.