கோம்பை செவலையும் ராஜபாளையத்து வெள்ளையும்

கோம்பைக்காரன் தோட்டத்துல கோம்பை நாய் இல்லைன்னா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. நம்ம ஊர்ப் பேருதானே அந்த இனத்துக்கே பேரு! அதனால போன வருசம் பொங்கல் முடிஞ்சதும் உள்ளூர்லயே ஒரு செவலைக் குட்டி வாங்கினேன். அதே வாரம் மச்சான் ராஜபாளையத்துல இருந்து ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டு வந்து விட்டாரு. "2005ல தபால்தலையிலயே வந்த இனம் மாப்ள"ன்னு பெருமை வேற. ரெண்டுக்கும் 45 நாள் வயசு இருக்கும்.

அந்த வயசுல ரெண்டும் ஒண்ணுதான். உருண்டை வயிறு, குட்டைக் காலு. செவலைக்கு மூஞ்சி மட்டும் கரி பூசின மாதிரி. வெள்ளைக்கு ரோஸ் மூக்கு. மூணு மாசத்துக்கு மேலதான் இனம் தெரிய ஆரம்பிச்சது. வெள்ளைக்குக் காலு விறுவிறுன்னு நீண்டு, வயிறு ஒட்டி, நெஞ்சு இறங்கிருச்சு. செவலை அவ்வளவு உசரம் போகல. கழுத்தும் தாடையும் தடிச்சது. பால்பல்லு விழுற நேரத்துல ரெண்டும் சேர்ந்து சொட்டுநீர்க் குழாயைக் கடிச்சு வச்ச கதையைத் தனியா எழுதணும்.

குணமும் மாறுச்சு. செவலை ஒரு தரம் கூப்பிட்டா வந்துரும். வெள்ளை திரும்பிக்கூடப் பாக்காது. "ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் திமிரு உண்டு"ன்னாரு மச்சான். நானும் நம்பினேன். ஒருநாள் கத்தக் கத்தக் கேக்காம வாழைக்கன்னுகளை மிதிச்சுக்கிட்டு ஓடவும், ஆத்திரத்துல வேப்பங்குச்சியால ரெண்டு போட்டுட்டேன். எதுக்கு அடிக்கிறான்னு புரியாம என்னையே பாத்துச்சு.

மறுவாரம் அடுப்படியில பாத்திரம் உருண்டு பெருஞ்சத்தம். வாசல்ல படுத்திருந்த செவலை துள்ளி எந்திரிச்சிருச்சு. பக்கத்துல வெள்ளை அசையாமத் தூங்குது. வீட்டுக்காரிதான் கவனிச்சா. "ஏங்க, இதுக்குக் காது கேக்கலையோ?"

கால்நடை டாக்டர் பின்னால நின்னு கைதட்டிப் பாத்தாரு. ரெண்டு காதும் கேக்கல. தோலுக்கு நிறம் குடுக்கிற அதே செல்லுங்க உள்காதுக்கும் வேணுமாம். வெள்ளை நாய்கள்ல சிலதுக்கு அங்க அது இல்லாமப் போயிரும். பொறந்த சில வாரத்துலயே கேக்குற சக்தி செத்துரும். மத்த குட்டியைப் பாத்துப் பாத்து அதுவும் ஓடுறதால, கூட்டத்துல இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாதுன்னாரு. எங்க வீட்டுலயும் அதேதான் நடந்திருக்கு. செவலை ஓடினா இதுவும் ஓடும். அதைத்தான் சொன்ன பேச்சு கேக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

இப்போ தரையை ஓங்கி மிதிச்சா அதிர்வுல திரும்பிரும். ராத்திரின்னா டார்ச் அடிப்போம். மலைப்பக்கம் இருந்து பன்னி இறங்கினா செவலை முதல்ல காதைத் தூக்கும். அதைப் பாத்து வெள்ளை எந்திரிச்சு, வேலி வரைக்கும் அதுக்கு முன்னாடி போய் நிக்கும். கழுத்துப்பட்டி இல்லாம வெளிய விடுறதில்லை. ரோட்டுல வண்டி ஹாரன் அதுக்குக் கேக்காதே.

"வா"ன்னு சைகை பழக்கும்போது முதல்ல கையை உசத்திக் காட்டினேன். அப்படியே பம்மிப் படுத்துருச்சு. அதுல இருந்து கையை இடுப்புக்குக் கீழ வச்சுத்தான் கூப்பிடுறேன்.

வெள்ளைக் குட்டி வாங்கப் போறவங்க, அதைத் தனியாத் தூக்கிட்டு வந்து, பின்னால நின்னு ஒரு தரம் கைதட்டிப் பாருங்க. கேக்கலைன்னாலும் தயங்காம வளக்கலாம். அடிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தாப் போதும்.