தண்ணீர் கேட்ட எதிரி

கௌபாய் படம் என்றாலே எனக்கு அலர்ஜி. குதிரை வரும், தூசி பறக்கும், தொப்பிக்காரர் ஒருவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுவார், நாலு பேர் மாடியிலிருந்து விழுவார்கள். செத்தவனுக்காக அழ ஒரு நாதி இருக்காது. நம் ஊரிலும் 1972-ல் கர்ணன் இயக்கத்தில் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கர் குதிரையேறினார். அவற்றையும் நான் ரசித்ததில்லை.

அண்ணா நேர் எதிர். சாணக்யபுரி வினய் மார்க் அரசுக் குடியிருப்பில் நான் அவர் வீட்டில் இருந்த வருடங்களில், சாணக்யா தியேட்டர் நடந்தே போகும் தூரம். 1970-ல் திறந்த தியேட்டர். ஆங்கிலப் படப் பிரியர்களுக்கு அது கோயில் மாதிரி. போஸ்டரில் தொப்பி தெரிந்தால் போதும், அண்ணா கியூவில் நிற்பார். நான் யஷ்வந்த் பிளேஸ் கடைகளைச் சுற்றிவிட்டு வீடு திரும்புவேன்.

1984 நவம்பரில் அலர்ஜி வெறுப்பாகவே மாறியது. இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். தூரத்தில் புகை. எங்களை வழக்கமாக ரயில் நிலையத்தில் கொண்டு விடும் சர்தார்ஜி அதற்குப் பிறகு டாக்ஸி ஸ்டாண்டுக்கு வரவே இல்லை. டெல்லியில் 2,733 பேர் கொல்லப்பட்டதாகப் பிற்பாடு அரசு நியமித்த அகுஜா கமிட்டி சொன்னது. சினிமாவில்கூட ஆட்கள் கொத்தாக விழுவதை அதன் பிறகு என்னால் பார்க்க முடியவில்லை.

1994 டிசம்பர் குளிரில் அண்ணா ஒரு வீடியோ கேசட்டுடன் வந்தார். க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்'. 1992-ல் வந்து, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. "அரை மணி பாரு. பிடிக்கலேன்னா எழுந்து போ" என்றார். ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஆச்சரியம், கதாநாயகன் பன்றி மேய்க்கிறான். மனைவியை இழந்தவன், இரண்டு குழந்தைகள், ஒரு காலத்தில் கொலைகாரன். இப்போது குதிரையில் ஏறவே தடுமாறுகிறான். பணத்துக்காக மறுபடி துப்பாக்கி எடுக்கிறான். அவன் சுட்ட இளைஞன் வயிற்றில் குண்டுடன் பாறைக்குப் பின்னால் கிடந்து தண்ணீர் கேட்கிறான். சுட்டவனே, 'சுடமாட்டேன், அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள்' என்கிற பொருளில் எதிரிகளைப் பார்த்துக் கத்துகிறான். ஐந்து பேரைத் தீர்த்துவிட்டதாக ஜம்பமடித்த கிட்டப்பார்வைப் பையன், முதல் முறையாக நிஜமாகவே ஒருவனைக் கொன்றதும் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். என் அத்தனை வருடப் புகாருக்கு ஒரு கௌபாய் படமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.

ஆனால் படம் என்னையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் நண்பனைச் சவுக்கால் அடித்தே கொன்ற ஷெரீப்பைத் தேடி, மழையில் ஈஸ்ட்வுட் மதுக்கடைக்குள் நுழையும்போது, 'சுடு' என்று என் மனசும் சொன்னது. சுட்டான். ஷெரீப் மட்டுமல்ல, கூட நின்றவர்களும் விழுந்தார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. அடுத்த நிமிடம் வெட்கமாக இருந்தது. பழிவாங்கும் ஆசை ஊரார் மனசில்தான் இருக்கிறது என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிவியை அணைத்த அண்ணா, "எப்படி?" என்றார்.

"தண்ணி கேட்டானே, அந்தப் பையன்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "எனக்கும் நம்ம சர்தார்ஜி ஞாபகம்தான் வந்தது" என்றார். பத்து வருடத்தில் வீட்டில் அவரைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

சாணக்யா 2007 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு மால். கௌபாய் படங்களை இன்றும் நான் தேடிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். மதுக்கடைக் காட்சி வரும்போது, மனசு இன்னும் 'சுடு' என்கிறதா என்று கவனிக்கிறேன். சொல்கிறது.