கடல் 90 கிலோமீட்டர்... கேட் மூடியிருக்கு!

தஞ்சாவூர்ல படிக்கிறவங்களா நீங்க? அப்போ இந்த டயலாக் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். "மச்சி, கடல் பக்கத்துல தான்டா இருக்கு. மதியம் கிளம்புனா சாயங்காலம் அலையில நிக்கலாம்!" ஹாஸ்டல் மொட்டை மாடியில, மெஸ் வரிசையில, இன்டர்னலுக்கு முந்தின ராத்திரியில... எங்கேயாவது ஒருத்தன் இதைச் சொல்லிக்கிட்டே இருப்பான். ஃபர்ஸ்ட் இயர்ல ஆரம்பிச்சு ஃபைனல் இயர் வரைக்கும் சொல்லுவான். ஆனா, யாரும் போயிருக்க மாட்டீங்க!

மேப்பை எடுத்துப் பாருங்க. தஞ்சாவூர்ல இருந்து வேளாங்கண்ணி சுமார் 90 கிலோமீட்டர். நடுவுல ஒரு மலை கிடையாது. ஒரு கொண்டை ஊசி வளைவு கிடையாது. தாம்பாளம் மாதிரி தட்டையான பூமி. இதுல லேட் ஆக என்ன இருக்குன்னு தோணுதா? எல்லாமே இருக்கு. சொல்றேன், கேளுங்க.

2019 பிப்ரவரி. ஒரு சனிக்கிழமை. நாங்க ஃபைனல் இயர், கடைசி செமஸ்டர். மொத்தம் ஆறு பேர். எங்க செட்டுல யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான் பேர். ஒரத்தநாடு, பாபநாசம், அம்மாபேட்டை, கொரடாச்சேரி, மேட்டூர். நான், கும்பகோணம்.

அந்த டூரோட ஹீரோ மேட்டூர். அணைக்கட்டுப் பக்கத்துலயே பிறந்து வளர்ந்தவன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் "120 அடி, 93.47 டி.எம்.சி."ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுப்பான். ஆனா, இருபது வயசு வரைக்கும் கடலையே பார்த்ததில்லை. கலாய்ச்சா, "அதே தண்ணிதானேடா... கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்"னு சமாளிப்பான். மார்ச்ல ப்ராஜெக்ட்டுக்காகக் கோயம்புத்தூர் கிளம்பறான். அதோட எக்ஸாமுக்குத்தான் திரும்பி வருவான். இந்தச் சனிக்கிழமையை விட்டா, ஆறு பேரும் சேர்ந்து போக வேற நாளே இல்லை.

எங்க செட்டுல 'வரலை'ன்னு சொன்னவன் கொரடாச்சேரி மட்டும்தான். வீட்டுல சம்பா அறுவடை முடிஞ்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்துல கொட்டி வெச்சிருந்தாங்க. அவங்கப்பா ஒத்தை ஆளா ராத்திரியெல்லாம் காவல். "ஒரே ஒரு நாள்தானே மாப்ள..."ன்னு நாங்க அஞ்சு பேரும் கெஞ்சி, அவங்கப்பாவே போன்ல "போயிட்டு வாப்பா"ன்னு சொன்ன பிறகுதான் பையைத் தூக்கினான்.

லேப் முடிஞ்சு, பஸ் ஸ்டாண்டுல ஏறும்போது மணி ஒண்ணேகால். நாலரைக்கு அலையில கால் நனைக்கறதா பிளான்.

முதல் பிரேக், சாலியமங்கலத்துல. டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம் காலி. இறங்கி நின்ன இடத்துல, ஒரத்தநாடு ரோட்டோரத் தென்னை மரங்களையே பார்த்துட்டு நின்னான். அதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2018 நவம்பர் 16-ல கஜா புயல் கரையைக் கடந்தப்போ அவங்க தோப்பே சாய்ஞ்சு போச்சு. நின்னுட்டு இருக்கற மரத்தைப் பார்த்தா எண்ண ஆரம்பிச்சுடுவான். நாங்களும் அவனை ஒண்ணும் சொல்ல மாட்டோம்.

ரெண்டாவது பிரேக், அறுப்பு மெஷின். அறுவடை சீசன்ல இந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு, யானை அசைஞ்சு போற மாதிரி முன்னாடி போகும். ஓவர்டேக் பண்ண முடியாது. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். டெல்டா ரோடுங்கறது அவ்வளவுதான். தண்ணிக்கும் நெல்லுக்கும் போக மிச்சம் இருக்கற இடத்துல நாம போகணும்.

மூணாவது பிரேக்... நீடாமங்கலம் கேட்!

இந்த ரூட்ல போனவங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையே போதும். போகாதவங்களுக்காகச் சொல்றேன். நாகப்பட்டினம் - தஞ்சாவூர் ரயில் பாதை சாதாரணப்பட்டது இல்லை. 1861-லயே போட்டது. அடுத்த வருஷமே திருச்சி வரைக்கும் நீட்டிட்டாங்க. நீடாமங்கலம் ஸ்டேஷன் ரோட்டை ஒட்டியே இருக்கு. மன்னார்குடிக்குப் போற பாதை பிரியறதும் இங்கேதான். அறுவடை நேரத்துல, டெல்டாவோட நெல்லு மூட்டை மூட்டையா சரக்கு ரயில்ல ஏறி, வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குக் கிளம்பறதும் இங்கே இருந்துதான். அந்த நீளமான ரயிலை முன்னே பின்னே நகர்த்தினா, கேட் மூடித்தானே ஆகணும்?

ஐம்பது நிமிஷம். பஸ், லாரி, கல்யாண வேன், டிராக்டர்னு ரோடு முழுக்க நின்னுடுச்சு. வெள்ளரிப் பிஞ்சும் வறுத்த கடலையும் விக்கறவங்களுக்கு செம வியாபாரம். பாபநாசம் கடுப்பாகி, "நம்ம டூரை மறிச்சுட்டு நிக்கறானே, என்னடா இருக்கு அந்தக் கூட்ஸ்ல?"ன்னு கத்தினான்.

"நெல்லு"ன்னான் கொரடாச்சேரி. "போன மாசம் அறுத்தவங்க நெல்லா இருக்கும். எங்க நெல்லு இன்னும் தராசுக்கே வரலை."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். நெல்லை வாங்கணும்னா ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும். மெஷின்ல அறுத்த நெல்லு, பிப்ரவரிப் பனி வேற. பகல்ல கிளறிக் காய வைக்கணும், ராத்திரி படுதா போட்டு மூடணும். அவங்கப்பா ஆறு நாளா அதைத்தான் செஞ்சுட்டு இருந்தார். அந்த நெல்லு காசாகி வந்தாதான் அவன் எக்ஸாம் ஃபீஸும், அவன் தங்கச்சி ஹாஸ்டல் ஃபீஸும்.

அவன் சொல்லி முடிக்கலை, போன் அடிச்சுது. கிழக்கே மேகம் கட்டுது, இன்னொரு படுதா தேடிட்டு இருக்கேன்னு அவங்கப்பா. குரல்ல பதற்றம் தெரிஞ்சுது. "நீ வர வேணாம்பா, சும்மா சொன்னேன்"ங்கறார். எந்த அப்பா நேரடியா 'வா'ன்னு சொல்லியிருக்கார், சொல்லுங்க?

கேட் திறந்துச்சு. அடுத்து வர்ற ஊரே கொரடாச்சேரிதான். அவன் பையை எடுத்துக்கிட்டு, "நீங்க போங்கடா, மேட்டூருக்குக் கடலைக் காட்டுங்க. நான் இறங்கிக்கறேன்"ன்னான்.

அஞ்சு பேரும் மேட்டூரைப் பார்த்தோம். ஏன்னா, இங்கே இறங்கினா பகல்ல கடல் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். மேட்டூர் ஒண்ணும் பேசலை. மேலே இருந்த தன் பையை இறக்கினான். படிக்கட்டுக்குப் போயிட்டான். அவ்வளவுதான், அடுத்த ஸ்டாப்ல ஆறு பேரும் ரோட்டுல நிக்கறோம்!

மெயின் ரோட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே களம். பாதி நடை, பாதி டிராக்டர். போய்ச் சேரும்போது காத்துல மண் வாசனை வந்துடுச்சு. அவங்கப்பா எங்களைப் பார்த்து, "எதுக்குத் தம்பி... படிக்கிற புள்ளைங்க, நல்ல சட்டை போட்டிருக்கீங்க..."ன்னு இழுத்தார். ஒரத்தநாடு அதுக்குள்ள மண்வெட்டியை வாங்கிட்டான். பரப்பி வெச்சிருந்த நெல்லைக் குவிச்சு, கூட்டி அள்ளி, படுதா இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல்லு தூக்கி வெச்சு... ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. பக்கத்துல இருந்த ஒரு பாட்டியோட குவியலுக்கும் ஆள் இல்லை. அதையும் மூடினோம்.

நெல்லுச் சுணைன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? கழுத்து, முழங்கை, காலர் உள்ளேன்னு எங்கெங்கே வேர்வை இருக்கோ அங்கெல்லாம் ஒட்டிக்கிட்டு அரிக்கும். மூணு வேளையும் மெஸ்ல சோத்தைப் பார்த்து 'மொக்கை'ன்னு சொல்ற எங்களுக்கு அன்னிக்குத்தான் அது அறிமுகம்.

மழை? நாலு தூறல் போட்டுட்டுப் போயிடுச்சு! மேகமெல்லாம் தெற்கே நகர்ந்து, வானம் ஜோரா வெளுத்துருச்சு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். அவங்கப்பா மட்டும் சிரிக்கலை. படுதாவைத் தொட்டுப் பார்த்துட்டு, "பெய்யலைன்னு தெரியும்போதுதான் தம்பி, பெய்யாதுன்னு தெரியும்"ன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். "நான் பார்த்துக்கறேன், நீயும் போயிட்டு வா"ன்னு மகனையும் எங்களோட பஸ் ஏத்தி விட்டார்.

திருவாரூர் தாண்டறதுக்குள்ள இருட்டிடுச்சு. ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. நம்ம பக்கத்துக் கடல்ல சூரியன் மறையாது. அது மறையறது நம்ம முதுகுக்குப் பின்னாடி, வயலுக்குள்ள. எங்களுக்கு பஸ்ஸோட பின் கண்ணாடியிலதான் சன்செட்.

வேளாங்கண்ணியில இறங்கும்போது மணி எட்டு ஆகப் போகுது. மாதா கோயில் விளக்கெல்லாம் வெள்ளை வெளேர்னு எரியுது. கடைகளைத் தாண்டி மணல்ல கால் வெச்சா, எதிரே ஒண்ணுமே தெரியலை. கறுப்பு. சத்தம் மட்டும். மேட்டூர் அப்படியே நின்னுட்டான். முதல் தடவையா கடலைப் பார்க்க வந்தவன், முதல்ல அதைக் கேட்டுட்டு நின்னான். கிட்டே போனப்புறம்தான் வெள்ளையா நுரை கோடு கோடா வர்றது தெரிஞ்சுது.

குளிக்கலாம்னு யாரும் சொல்லலை. இது 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்த கரை. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவங்களைக் கொண்டுபோன கடல். இருட்டுல அதுகிட்ட விளையாட்டு வேணாம்னு கணுக்கால் அளவோட நின்னுட்டோம். சுணை அரிச்சுச் சொறிஞ்ச இடத்துல உப்புத் தண்ணி பட்டு, "ஸ்ஸ்ஸ்"ன்னு ஆறு பேரும் ஒரே நேரத்துல குதிச்சது தனி காமெடி.

மேட்டூர் போனை எடுத்து அவங்கம்மாவைக் கூப்பிட்டான். ஒண்ணும் பேசலை. "அம்மா, கேளு"ன்னுட்டு போனை அலைப்பக்கம் நீட்டினான்.

அப்புறம் மெதுவா கேட்டான். "டேய், எங்க டேம்ல இருந்து கிளம்பற தண்ணி இங்கே வர எவ்வளவு நாளாகும்?"

மேட்டூர்ல திறந்தா கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் வந்து, மூணாறு தலைப்புல கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடியும் பிரியும். அதுல இருந்து பிரியற வெள்ளையாறு, நாங்க நின்ன இடத்துக்குத் தெற்கே செருதூர் பக்கத்துல கடலுக்குள்ள போகும். நான் இப்படி ஜியாகிரஃபி நடத்திட்டு இருக்க, கொரடாச்சேரி குறுக்கே விழுந்தான். "2018 ஜூலை 19-ல உங்க ஊர்ல திறந்தாங்கல்ல? எங்க வயல்ல நின்ன தண்ணி இன்னும் இங்கே வரலை மாப்ள. படுதாவுக்குக் கீழே இருக்கு."

இருந்தது முப்பத்தஞ்சு நிமிஷம்தான். திரும்பி வர்ற பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கினோம். அடுத்த ரெண்டு நாள் நல்ல வெயில். மூணாவது நாள் நெல்லு தராசு ஏறிடுச்சுன்னு கொரடாச்சேரி எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

சரி பாஸ், இப்போ உங்க டர்ன். தஞ்சாவூர்ல இருந்து கடலுக்குப் போறதா இருந்தா, மதியம் கிளம்பாதீங்க. விடியற்காலையில கிளம்புங்க. பிப்ரவரின்னா அறுவடை, அதனால ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா போட்டுக்கங்க. திரும்பி வர்ற கடைசி பஸ் எப்போன்னு இறங்கின உடனே விசாரிங்க. ரயில்வே கேட் மூடியிருந்தா குனிஞ்சு நுழையாதீங்க, கடலை வாங்கிச் சாப்பிடுங்க. இருட்டினப்புறம் தண்ணியில இறங்கவே இறங்காதீங்க.

லேட் ஆனா ஆகட்டும். கடல் எங்கேயும் போயிடாது. ஆனா, கூட வர்ற அஞ்சு பேரும் மே மாசம் ஆளுக்கொரு ஊருக்குப் போயிடுவாங்க. இந்தச் சனிக்கிழமை என்ன பிளான்?