மூன்று அங்குலம்

விடுமுறையில் உம்மாவோடு 'சேஞ்ச்லிங்' படம் பார்த்தேன். கிளின்ட் ஈஸ்ட்வுட் 2008இல் இயக்கியது. அமெரிக்காவில் நடந்த உண்மைச் சம்பவம்.

1928 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிறிஸ்டின் கொலின்ஸ் என்ற தாயின் ஒன்பது வயது மகன் வோல்டர் காணாமற்போகிறான். ஐந்து மாதங்களின் பின் பொலிஸார் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். "இவன் என் மகன் இல்லை" என்கிறாள் தாய். ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அதிகாரி வற்புறுத்த, அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். வீட்டில் வோல்டரின் உயரத்தைக் குறித்துவைத்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், இவன் மூன்று அங்குலம் கட்டை! அதைச் சொன்னதற்கு மனநோயாளர் விடுதியில் அடைக்கிறார்கள். வோல்டர் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

படத்தில் கொலைகாரனும் வருகிறான். எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது, அவள் அந்தச் சிறுவனோடு வீட்டுக்குப் போன காட்சிதான். வகுப்பில் எல்லோரும் வேறு விடை சொன்னதும், சரியென்று தெரிந்த என் விடையை நானும் அழித்திருக்கிறேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா மகள்?" என்றார் உம்மா.

"தெரிஞ்சும் ஏன் உம்மா கூட்டிப்போனா?"

உம்மா சற்று யோசித்தார்.

"அதுவும் ஒரு உம்மாட பிள்ளதானே. அந்த நேரத்தில எங்க விட்டுட்டுப் போற?"