பக்கெட் பல்லில் ஒரு பானை

டெல்லியிலிருந்து சஹாரன்பூர் போகும் சாலையில் பாக்பத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புதான். கரும்பு முடிகிற இடத்தில் செங்கல் சூளை. சூளையின் புகைபோக்கி தெரிந்தால், பக்கத்தில் எங்காவது ஒரு மஞ்சள் இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டிருக்கும். நம் ஊரில் இதற்கு இரண்டு பெயர்கள். பேச்சில் ஜே.சி.பி., செய்தித்தாளில் பொக்லைன். முன்னது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர், பின்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பூமியைத் தோண்டும் கருவிக்கு நாம் இன்னும் சொந்தமாக ஒரு பெயரைத் தோண்டி எடுக்கவில்லை.

பரௌத் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பத்து வருடமாக ஜே.சி.பி. ஓட்டுகிறவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மண்ணுக்குள் இருப்பதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும் என்கிறார். "கல்லில் பட்டால் வண்டியே உதறும். செங்கல் என்றால் பக்கெட் பல்லில் நறநறவென்று கேட்கும். பானைதான் மோசம், பாயி சாப். சத்தமே போடாது. உடைந்த பிறகுதான் தெரியும்."

அவர் பார்த்தவற்றின் பட்டியல் நீளம். பழைய கிணற்றின் செங்கல் வளையம், இடுப்பொடிந்த அம்மி, எவரும் வரைபடத்தில் குறிக்காத குடிநீர்க் குழாய். ஒருமுறை, சூளைக்கு மண் எடுத்தபோது, வரிசையாகப் பானைகள். அவற்றின் பக்கத்தில் எலும்புகள்.

"என்ன செய்தீர்கள்?"

கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த பக்கம் தோண்டப் போய்விட்டேன்."

"பேய் பயமா?"

"பேய் என்ன செய்யும்? போலீஸ் பயம்."

நான் வந்தது சினௌலியைப் பார்க்க. பரௌத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கிராமத்தில் 2005ல் விவசாயிகள் வயலைச் சமன்படுத்தியபோது மனித எலும்புகளும் பழம்பொருட்களும் வெளிப்பட்டன. சேதி இந்தியத் தொல்லியல் துறையின் காதுக்கு எட்டியது. அகழ்ந்து பார்த்ததில் 116 புதைகுழிகள். பக்கத்தில் பானைகளை வைத்து இறந்தவர்களைக் கிடத்தியிருந்தார்கள். முதுமக்கள் தாழியைப் பார்த்த நமக்கு அந்த அக்கறை அந்நியமாகத் தோன்றாது.

2018ல் மறுபடி தோண்டினார்கள். இம்முறை செம்பு வேலைப்பாடு செய்த சவப்பெட்டிகள், வாள்கள், திடமான சக்கரங்கள் கொண்ட வண்டிகள். ஏறக்குறைய 4,000 வருடப் பழசு. அவை குதிரை பூட்டிய ரதங்களா, மாடு பூட்டிய வண்டிகளா என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் என்னைத் தொட்டது வேறொரு விஷயம். வண்டிகளின் மரம் எப்போதோ மக்கி மண்ணாகிவிட்டது. மிஞ்சியது செம்புத் துண்டுகளும் மண்ணில் பதிந்த வடிவமும்தான். தூரிகையால் மண்ணை விலக்கிய கைகளுக்கு அது வண்டி. பக்கெட்டின் ஒரே வாருக்கு அது வெறும் மண், ஒரு டிராக்டர் லோடில் பாதி.

சினௌலிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2000ல், வடக்கே முசாபர்நகர் மாவட்டத்தின் மாண்டி கிராமத்துக்கு அது இல்லை. அங்கேயும் வயலைச் சமன்படுத்தும் வேலைதான். வெளிப்பட்டது பொன். ஹரப்பா காலத்து மணிகளும் வளையல்களும் குவியலாக. சேதி அதிகாரிகளை எட்டும் முன் ஊரை எட்டிவிட்டது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னர் ஒரு பகுதிதான் மீட்கப்பட்டது. எந்த நகை எதன் பக்கத்தில் எப்படிக் கிடந்தது என்ற விவரத்தை எந்தப் போலீசாலும் மீட்க முடியாது.

தமிழில் பிணத்துக்கும் பணத்துக்கும் ஒரே வினைச்சொல்தான், புதைப்பது. ஆனால் புதையல் என்ற சொல்லைப் பொன்னுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1878ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோவதோடு ஒரு வருடம் வரை சிறைக்கும் வழி உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால், பொருளில் உள்ள உலோகம் முதலியவற்றின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். பொன்னுக்கு இந்தக் கணக்கு சரி. மண்பானைக்கு? அதிலுள்ள பொருள் மண். மண்ணின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்!

டீக்கடை நண்பரிடம் இந்தச் சட்டத்தை விளக்கினேன். அவர் அதை ஏற்கெனவே தன் வழியில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வண்டிக்கு மணிக் கணக்கில் வாடகை. வேலை நின்றால் வாடகை நிற்கும். முதலாளியின் வங்கித் தவணை நிற்காது. "நான் போய்ச் சொன்னால் வயல்காரன் என்னைத் திட்டுவான். சூளைக்காரன் வேறு வண்டியைக் கூப்பிடுவான். முதலாளி வேறு டிரைவரைக் கூப்பிடுவார். போலீஸ், 'இவ்வளவுதானா கிடைத்தது, மிச்சம் எங்கே?' என்று கேட்கும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

படிக்காதவர்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1850களில் லாகூர்-முல்தான் ரயில் பாதைக்கு ஹரப்பா மேட்டின் செங்கல்லை அள்ளிக் கொட்டியவர்கள் படித்தவர்கள்தான். சுமார் 100 மைல் பாதைக்கு அந்தச் செங்கல் பயன்பட்டதாக அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதிவைத்தார். அந்த மேட்டின் உண்மையான வயது உலகுக்குத் தெரிய 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்று கடப்பாரையும் கூடையும். ஒரு மேட்டைக் கரைக்க வருடங்கள் ஆயின. இன்று மஞ்சள் இயந்திரத்துக்கு ஒரு வாரம் போதும். எந்தத் தொல்லியல் அறிஞரும் எல்லா வயலிலும் நின்றுகொண்டிருக்க முடியாது. இந்த நாட்டின் பழமையை முதலில் பார்க்கிறவர் லீவரில் கை வைத்திருக்கும் அந்த டிரைவர்தான். கையை எடுப்பதா, இன்னொரு முறை இழுப்பதா என்று அவர் தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடங்களில் எத்தனையோ நூற்றாண்டுகள் ஊசலாடுகின்றன. அந்த நேரத்தில் அவர் மனதில் இருப்பது தண்டனை மட்டும் என்றால் தவறு அவருடையது அல்ல. நின்றுபோன மணி நேரத்துக்கு வாடகை, சொன்னவருக்கு ஒரு சால்வை, சந்தேகத்துக்குப் பதில் ஒரு நன்றி. இவை பெரிய செலவில்லை.

சினௌலியில் இப்போது பார்க்க அதிகமில்லை. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இடம் என்ற பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. சுற்றிலும் கரும்பு காற்றில் சலசலக்கிறது.

திரும்பும் வழியில் பரௌத்தில் அதே பெஞ்சில் அவரைப் பார்த்தேன். பானைகளை மூடிய இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"மூடினது மூடினதுதான். ஒரு மாதம் கழித்து வேறு வண்டி வந்து அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டது." சூளை இருந்த திசையைக் கையால் காட்டினார். "அந்த மண் இந்நேரம் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ!"