கேட்டுவிட்டுக் காத்திருப்பது

 

நம் கோயில் தொண்டர்கள் ஐந்து பேர் ஆன்லைனில் ‘லைஃப் கோச்’ பயிற்சி எடுத்ததைப் பற்றி நிறைய பேர் விசாரிக்கிறீர்கள். “இனிமே காசு வாங்கிட்டு அட்வைஸ் சொல்வீங்களா?” என்றும் சிலர் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் இரவு 8.30க்கு ஸூமில் வகுப்பு, பத்து வாரம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், ஒருவர் அன்னதானச் சமையலைப் பார்க்கும் அக்கா. வீட்டில் லைன் சரியில்லாத நாளில் மண்டபத்தில் ஒரே லேப்டாப் முன்னால் எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம்.

சொல்லித் தந்ததில் பெரும்பகுதி நாலே கேள்வி. உங்களுக்கு என்ன வேணும்? இப்ப நிலைமை என்ன? என்னென்ன வழி இருக்கு? அதுல எதைச் செய்யப் போறீங்க? ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் 1992ல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் உலகம் முழுக்கப் பரவிய முறை இது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் அவர்களிடமிருந்துதான் வரணும். கஷ்டம் அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் நாம் வந்த வழி அப்படி. பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டியை யார் என்ன கேட்டார்கள்? விடியும் முன்னே பெரட்டு. எந்த நிரையில் மரம் வெட்டுவது என்று கங்காணி சொல்வார். கணக்கைக் கிராணி சொல்வார். துரை சொன்னால் அதோடு முடிந்தது. பிறகு பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், தோட்டம் கைமாறியது, லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். தாமானுக்கும் பிளாட்டுக்கும் வந்த பல குடும்பங்களிடம் ‘உங்களுக்கு என்ன வேணும்’ என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா சொல்வார், பிள்ளை கேட்கணும். பிள்ளை சம்பாதிக்க ஆரம்பித்தால் பிள்ளை சொல்லும், அம்மா கேட்கணும்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து ஓர் அம்மா பேச வந்தார். (அவர் சம்மதத்தோடு, பெயர் ஊர் இல்லாமல் எழுதுகிறோம்.) முப்பது வருஷம் பால்வெட்டு. கணவர் இல்லை. மகன் கோலாலம்பூருக்கே வந்துவிடச் சொல்கிறார், மகள் போகாதே என்கிறார். “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்றார். “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டோம்.

“என்னையா கேக்குறீங்க?” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. நாங்களும் பேசவில்லை. மூன்று வெள்ளி கழித்து அவரே வந்து சொன்னார்: “பொங்கல் வரைக்கும் போய் இருந்து பாக்குறேன். வீட்டை விக்க வேணாம்னு சொல்லிட்டேன். புடிக்கலன்னா திரும்பி வந்துடுவேன்.” எங்கள் ஐந்து பேர் மூளையிலும் உதிக்காத வழி அது.

இது நமக்குப் புதுசும் இல்லை. சுவாமிமலையில் பிள்ளை உபதேசம் செய்ய, சிவபெருமானே சீடனாகப் பணிந்து கேட்கிறார். கீதையில் கண்ணன் பதினெட்டு அத்தியாயம் பேசி முடித்தும் முடிவை அர்ச்சுனனிடமே விடுகிறார். கதையாகக் கேட்டு வளர்ந்ததை இப்போதுதான் பழகிப் பார்க்கிறோம். வீட்டில் பிள்ளைகளோடும் பழகுகிறோம். “எஸ்பிஎம்முக்கு அப்புறம் என்ன செய்யப் போற?” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருப்பது, காவடி தூக்குவதை விடக் கஷ்டம்!

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் கவுன்சிலர் அல்ல. மலேசியாவில் அதற்கு 1998ஆம் ஆண்டுக் கவுன்சிலர்கள் சட்டம் உண்டு. முறையாகப் படித்து, பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘லைஃப் கோச்’ என்ற பெயருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் கட்டும் முன் யோசியுங்கள். 1995ல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற உலக அமைப்பின் முதல் படிச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். நாங்கள் முடித்தது அடிப்படை மட்டும். அதனால் போர்டு இல்லை, கட்டணமும் இல்லை.

யாராவது ‘வாழவே பிடிக்கல’ என்றால் அங்கே நாலு கேள்வி வேலை செய்யாது. சாகணும்னு நினைப்பு வருதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555க்கோ ஈப்போ பிஃப்ரெண்டர்ஸுக்கோ கூட இருந்து போன் போட்டுத் தருவோம். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023லேயே நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

நம்ம ஊரில் இன்னொரு பயமும் உண்டு. மனசு சரியில்லை என்றாலே “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க” என்று கேலி. 1911லிருந்து அங்கே இருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எத்தனையோ பேருக்குச் சிகிச்சை தந்த இடம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும். தயவுசெய்து அந்தக் கேலியை நம் வாசலில் நிறுத்திக்கொள்வோம்.

வெள்ளிதோறும் பூஜை, அன்னதானம் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் இருவர் இருப்போம். ஒரு டீ குடித்துக்கொண்டே பேசலாம். பேசியது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம். என்ன செய்யணும்னு சொல்ல மாட்டோம். கேட்போம்.

முருகன் துணை. தெரிந்தவர்களுக்கும் பகிருங்கள்.