சாம்பல் கணக்கு

அனல் மின்நிலையத்துல வேலைன்னு சொன்னா எல்லாரும் கரண்ட் கட்டைப் பத்தித்தான் கேட்பாங்க. எங்க கவலை வேற. பாய்லர் சுவத்துல ஒட்டுற சாம்பல்! அது உருகி, குழாய்கள் மேல பாகு மாதிரி படிஞ்சு இறுகிடும். க்ளிங்கர்னு சொல்லுவோம்.

ஒரே சுரங்கத்துக் கரின்னா பழகிடும். கலந்து எரிக்கும்போதுதான் சிக்கல். ஒடிசா கரியில சாம்பல் 40 சதவீதம் வரைக்கும் இருக்கும். ஆனா சிலிக்காவும் அலுமினாவும் ஜாஸ்தி, லேசுல உருகாது. இந்தோனேசியக் கரியில சாம்பல் 5 சதவீதம் அளவுதான். ஆனா பலதுல சுண்ணாம்பும் இரும்பும் கூடுதல்.

கலந்தா உருகும் சூடு ரெண்டுக்கும் நடுவுல வரும்னுதானே தோணுது? வராது. சிலிக்கா தனியா உருக 1700 டிகிரிக்கு மேல வேணும். அலுமினாவுக்கு 2050, சுண்ணாம்புக்கு 2500-க்கும் மேல. மூணும் ஒரு குறிப்பிட்ட விகிதத்துல சேர்ந்தா சுமார் 1170-லயே உருகிடும். குல்ஃபிக்காரர் ஐஸ்ல உப்பு போடுறாரே, அதே சங்கதிதான். :-)

இதை முன்கூட்டியே சொல்ல ஒரு பழைய சூத்திரம் உண்டு. இரும்பு, சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளைக் கூட்டி, சிலிக்கா, அலுமினா, டைட்டானியா கூட்டுத்தொகையால வகுத்து, கந்தக சதவீதத்தால பெருக்கணும். 0.6-க்குக் கீழ வந்தா பயமில்லை. 2.6-ஐத் தாண்டினா ஆபத்து. ஆனா இது கந்தகம் அதிகமுள்ள அமெரிக்கக் கரிகளை வச்சு உண்டானது. நம்ம கரியில கந்தகம் அரை சதவீதம்தான். பெருக்கினா எப்பவும் 'பயமில்லை'ன்னுதான் வரும்!

இன்னொண்ணு. 70:30-னு கலந்தா சாம்பலும் 70:30 இல்லை. நூறு கிலோ கலவையில ஒடிசா சாம்பல் 28 கிலோ, இந்தோனேசியா ஒன்றரை கிலோ. கரி விகிதத்துல சராசரி எடுத்தா எல்லாமே தப்பாயிடும். அந்த ஒன்றரை கிலோவையும் அலட்சியம் பண்ண முடியாது. லேப்ல சாம்பலை ஒண்ணா அரைச்சுச் சோதிக்கிறோம். உலைக்குள்ள ஒவ்வொரு துகளும் தனித்தனியாப் பறக்குது. சீக்கிரம் உருகுற துகள் முதல்ல போய் ஒட்டினா, மத்தது அதுமேல ஒட்டிக்கும்.

2017 நவம்பர் 1. உத்தரப் பிரதேசம் ஊஞ்சாஹார்ல பாய்லர் அடியில சாம்பல் சேர்ந்து அடைச்சிருந்தப்ப நடந்த விபத்துல 40-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. கரிக் கலப்புதான் காரணம்னு சொல்ல வரலை. தேங்குற சாம்பல் என்ன பண்ணும்ங்கறதுக்குச் சொல்றேன்.

அதனால புதுசா சேர்ந்த பசங்ககிட்ட ஒண்ணு சொல்லுவேன். கணக்கைப் போடு தம்பி, ஆனா ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை பீப்ஹோல் வழியா உள்ளயும் பாரு.